அத்தானுக்கு யார் சொல்வது?

"இருக்காரா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க மெஸ்யே. மத்தத நான் பாத்துக்கறேன்."

லூயி அண்ணன் கணினித் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்தான் இதைக் கேட்டார். கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. கலியாணக் கார்ட் அடிக்க வந்தவனிடம் அச்சகக்காரர் கேட்க வேண்டிய கேள்விதான். பெண்ணின் தகப்பன் உயிரோடு இருந்தால் பெயருக்கு முன்னால் 'திரு'. காலமாகியிருந்தால் 'அமரர்'. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

எனக்கு இருந்தது.

சனிக்கிழமை காலை. பரிஸில், எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில், நகைக்கடைகளுக்குப் பின்னால் உள்ள சின்னத் தெருவில் இருக்கிறது அந்த அச்சகம். அச்சு மை மணமும் பக்கத்துக் கடையில் வடை பொரிகிற மணமும் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. மேம்பாலத்தில் மெற்றோ போகும்போதெல்லாம் மேசையில் பரப்பியிருந்த மாதிரிக் கார்ட்டுகள் மெல்ல அதிர்ந்தன. பிள்ளையார் போட்டது, மயில் போட்டது, தங்க விளிம்பு வைத்தது என்று நாலைந்தை ஒதுக்கி வைத்திருந்தேன். படம் தெரிவு செய்வதுதான் கஷ்டம் என்று நினைத்துக்கொண்டு வந்தவன் நான்.

"கொஞ்சம் பொறுங்கோ அண்ணை. ஒரு கோப்பி குடிச்சிட்டு வாறன்" என்று வெளியே வந்துவிட்டேன்.

சென்ற வாரம் இந்தப் பத்தியில், மரக்கறிக்கடையில் நான் வேலைக்குச் சேர்ந்த கதையைப் பாதியில் விட்டிருந்தேன். அது கிடக்கட்டும். கத்தரிக்காய் எங்கும் ஓடிப்போகாது. இந்தக் கிழமை பேனாவை எடுத்தால் லூயி அண்ணனின் கேள்விதான் வருகிறது.

மூன்றாவது பெட்டி

கலியாணம் என் அக்காவின் மகள் தர்சினிக்கு. வீட்டில் தர்சி. போர் முடிந்து சில வருடங்களில் அவளை இங்கே எடுப்பித்தோம். பரிஸ் புறநகரான செவ்ரானில் எங்கள் வீட்டில்தான் வளர்ந்தாள். இப்போது ஒரு மருந்துக்கடையில் வேலை. மாப்பிள்ளை வீடு இன்னொரு புறநகரான வில்லியே லே பெல்லில். நல்ல பெடியன், என்னைக் கண்டால் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்பான். அதுவே எனக்குப் பிடித்துவிட்டது.

அக்கா, கமலா அக்கா, வன்னியில் இருக்கிறா. அவவின் கணவர் தவராசா அத்தான் எங்கே இருக்கிறார் என்பதுதான் லூயி அண்ணனின் கேள்வி. போரின் கடைசியில் ஆமி, அதுதான் இராணுவம், அவரை பஸ்சில் ஏற்றியதை அக்கா கண்ணால் கண்டவ. இறங்கியதை ஒருவரும் காணவில்லை.

கோப்பி குடித்துவிட்டுத் திரும்பிப் போய் இதை அப்படியே சொன்னேன். லூயி அண்ணன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

அவர் பாண்டிச்சேரிக்காரர், யாரையும் பிரெஞ்சுக்காரர் மாதிரி 'மெஸ்யே' என்றுதான் கூப்பிடுவார். காலம் முழுக்க இங்கே ஒரு மேரியில், அதுதான் நகரசபையில், பிறப்பு இறப்புப் பதிகிற பகுதியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா இருந்தால் மனுசி திட்டுகிறா என்று இங்கே வந்து கார்ட் வடிவமைக்கிறார்.

"எங்க மேரியில ரெண்டே பெட்டிதான் மெஸ்யே. விவான், இல்லன்னா தெசெதே. உசிரோட இருக்கான், இல்லன்னா செத்துட்டான். மூணாவதா திஸ்பாருன்னு ஒண்ணு உண்டு, காணாம போனவங்களுக்கு. அது ட்ரிப்யுனாலுக்குப் போயி, வருஷக்கணக்குல இழுத்து, கடைசில அதுவும் தெசெதேவுலதான் வந்து நிக்கும்."

"கார்ட்டிலை அப்பிடி ஒண்டு போடேலாதோ?"

"எப்படிப் போடறது? 'காணாமல்போன தவராசா அவர்களின் செல்வப் புதல்வி'ன்னா? கல்யாணத்துக்கு வர்றவங்க பாத்துட்டு என்ன பண்ணுவாங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். பிறகு இரண்டு பேருக்கும் அது சிரிக்கிற விஷயம் இல்லை என்று உறைத்து, ஆளுக்கொரு பக்கம் பார்த்தோம். "வீட்டுல பேசிட்டு வாங்க, நான் மயிலப் போட்டு வெக்கறேன்" என்றார்.

முறைகாரர்

அத்தானைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

அவர் கூட்டுறவுச் சங்கக் கடை மனேஜர். ஒல்லி. தன் பகிடிக்குத் தானே முதலில் சிரிப்பவர். அரிசி நிறுக்கும்போது தராசுத் தட்டுக்கு நேரே குனிந்து முள்ளைப் பார்ப்பார், பின்னால் ஆள் நின்று கத்தினாலும் நிமிர மாட்டார். ஒழுங்கு, முறை இந்த இரண்டும்தான் அந்த மனுசனுக்குச் சாப்பாடு.

கலியாணத்துக்குச் 'சொல்வது' என்றால் எங்கள் ஆட்களுக்கு என்னவென்று தெரியும். கார்ட்டைத் தபாலில் போட்டால் அது சொன்னதாகாது. வீட்டுக்கு வரவேண்டும், தட்டத்தில் வெற்றிலை பாக்கோடு கார்ட்டை வைத்து நீட்டவேண்டும், "குடும்பமாய் வாங்கோ" என்று வாயால் சொல்லவேண்டும். அத்தான் இந்த விஷயத்தில் பெரிய சட்டம்பியார், பிரம்பில்லாத வாத்தியார்.

ஒருமுறை அக்கா வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் கலியாணம். மாப்பிள்ளையின் தகப்பன் கார்ட்டைச் சங்கக்கடையில் வைத்து, சீனி வாங்குகிற நேரத்தில் கொடுத்துவிட்டார். அவ்வளவுதான். கலியாணத்தன்று அத்தான் குளித்து, வேட்டி கட்டி, விபூதி பூசி, வீட்டுக் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். வேலிக்கு அந்தப் பக்கம் மேளம் அடிக்கிறது. இவர் போகவில்லை.

"அப்ப ஏன் வேட்டி கட்டினனீங்கள்?" என்று அக்கா கேட்டா.

"சொன்னால் போகத்தானே!"

கடைசியில் அந்த மனுசன் தாலி கட்டுகிற நேரத்தில் தட்டத்தோடு ஓடிவந்து, "தவராசா, பிழை விட்டிட்டன், எழும்பு" என்றார். அத்தான் எழும்பிப் போய் முன்வரிசையில் இருந்து இரண்டு தரம் பாயாசம் வாங்கிக் குடித்தார்.

அன்று மாலை அவர் என்னிடம் சொன்னதை இப்போது அடிக்கடி நினைக்கிறேன். "இஞ்சை பார், சொல்லாட்டி எனக்குக் கோவிக்க உரிமை இருக்கு. சொல்லியும் நான் போகாட்டி அவங்களுக்குக் கோவிக்க உரிமை இருக்கு. அவ்வளவுதான் கணக்கு."

பாதுகாப்பான இடம்

இனி வருவது அக்கா சொன்னது. நான் அங்கே இல்லை. அந்த மாதங்களில் நான் இங்கே லா சப்பலில் வாழைக்காய்ப் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தேன். அக்காவும் இதை ஒரே தரத்தில் சொல்லவில்லை, வருடக்கணக்கில், துண்டு துண்டாகச் சொன்னவ. ஒருமுறை சொன்னதும் மறுமுறை சொன்னதும் பொருந்தாது. நான் பொருத்திப் பார்க்கிறதை விட்டுவிட்டேன்.

முதலில் வன்னிக்கு வரும் பாதையை மூடினார்கள். மருந்து வரவில்லை, பிறகு மா வரவில்லை, பிறகு காய்ச்சலுக்குப் போடும் பனடோல் கூட வரவில்லை. பிறகு ஆமி, இன்ன இடம் பாதுகாப்பு வலயம், சனமெல்லாம் அங்கே போங்கள் என்று அறிவித்தது. சனம் போனது. சட்டி பானை, சைக்கிள், கோழி, தையல் மெசின் எல்லாவற்றோடும் போனது. போன இடத்தில் ஷெல் விழுந்தது.

"ஏன் அக்கா, அங்கைதானே வரச் சொன்னவங்கள்?"

"ஓம்."

"அப்ப ஏன் அங்கையே அடிச்சவங்கள்?"

"என்னைக் கேட்டால்?" என்று அக்கா எரிந்து விழுந்தா. பிறகு தானே தொடர்ந்தா. "இயக்கம் எங்களுக்குப் பக்கத்திலை பீரங்கியைக் கொண்டந்து வச்சு ஆமிக்கு அடிச்சிட்டு, இழுத்துக்கொண்டு ஓடியிடுவாங்கள். அதுக்குப் பதிலாய் அங்காலை இருந்து வாறது எங்கடை தலையிலை விழும். சில நாள் ஒருத்தரும் இஞ்சை இருந்து அடிக்கவே இல்லை, அண்டைக்கும் விழுந்தது. ஒரு பள்ளிக்கூடத்திலை ஆசுப்பத்திரி நடந்தது. கூரையிலை பெரிசாய் அடையாளம் கீறினவை, கண்டால் விட்டிடுவாங்கள் எண்டு. அங்கையும் விழுந்தது. பிறகு, அடையாளத்தைக் கண்டுதான் அடிக்கிறாங்கள் போல எண்டு அதை அழிச்சவை. எது சரியெண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது."

கடலோர மணல். அதில் பங்கர் வெட்டினால் சரிந்து விழும். மண்மூட்டை வேண்டும். சாக்கு முடிந்துபோய்விட்டது. பெண்கள் புடவைகளை வெட்டி மூட்டை தைத்தார்கள். அக்கா தையல் மெசினைக் கடைசிவரை கொண்டு திரிந்ததன் பலன் அது. முதலில் வீட்டுச் சேலைகள், பிறகு நல்ல சேலைகள், கடைசியில் தன் கூறைப்புடவை.

"அதை வெட்டேக்கை கை நடுங்கினதோ?"

"விசரோ உனக்கு? பட்டுச் சீலை நல்ல உரம். மண் ஒழுகாது. முதலிலேயே அதை வெட்டியிருக்கலாம் எண்டுதான் நினைச்சனான்."

தர்சிக்கு அந்த நாட்களில் ஞாபகம் இருப்பது ஒன்றே ஒன்று. போன மாதம் லா சப்பலில் கூறை எடுக்கப் போனோம். கடைக்காரப் பெண் சிவப்புப் பட்டை மேசையில் உருட்டி விரித்தா. தர்சி விரல் நுனியால் தடவிப் பார்த்துவிட்டு, "மாமா, எங்கடை பங்கர் இந்தக் கலர். சரியான வடிவு" என்றாள். கடைக்காரப் பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கும் என்ன முகம் வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அதையே வாங்கினோம்.

ஒரு நாள் என்றாலும்

வீட்டுக்கு ஓர் ஆள் தா என்று இயக்கம் வந்து நின்ற காலம் அது. தர்சி குழந்தை, அவளுக்கு மூத்தவர்கள் இல்லை. அதனால் அத்தானை மண் அணை கட்டக் கொண்டுபோனார்கள். சுடுகிற துவக்குக் கொடுக்கவில்லை. மண்வெட்டி கொடுத்தார்கள். சில நாட்கள் வெட்டிவிட்டு, கை கொப்பளித்துத் திரும்பி வந்தார்.

சனம் தப்பி ஆமியின் பக்கம் போகப் பார்த்தால், போக விடாமல் பின்னாலிருந்து இயக்கம் சுட்டது. முன்னாலிருந்து ஆமி அடித்தது. இதற்குள்ளே ஒருநாள் விடிய எல்லாம் உடைந்து, சனம் நந்திக்கடல் பக்கத்துப் பாலத்தைத் தாண்டி நடந்தது. அக்கா, அத்தான், தோளில் தர்சி. வழியில் கிடந்தவர்களைப் பற்றி அக்கா ஒருநாளும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வெட்டைவெளி. ஒலிபெருக்கியில் தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஒரு நாள் என்றாலும் இயக்கத்தில் இருந்தவர்கள் முன்னுக்கு வந்து பதியுங்கள். விசாரித்துவிட்டு விட்டுவிடுவோம். பதியாமல் பிறகு பிடிபட்டால் கடும் தண்டனை.

அத்தான் எழும்பினார்.

"எங்கை போறியள்?" என்று அக்கா.

"மண் வெட்டினனான் தானே. சொல்லிப்போட்டு வாறன்."

"மண் வெட்டினது இயக்கமோ? உங்களுக்கென்ன பைத்தியமோ? இருங்கோ சும்மா!"

"ஒரு நாள் எண்டாலும் எண்டு சொல்லுறான். முறையாய்ச் சொல்லிப்போட்டு வந்தால் பிறகு பிரச்சினை இல்லை. நாளைக்கு ஆரும் காட்டிக்குடுத்தால்தான் கரைச்சல்."

போகுமுன் மடியிலிருந்து சங்கக்கடைத் திறப்புக்கோர்வையை, சாவிக்கொத்தை, எடுத்து அக்காவின் கையில் வைத்தார். இடம்பெயர்ந்த இடமெல்லாம் அதைக் கொண்டு திரிந்திருக்கிறார். "கவனம், சங்கத்துச் சாமான்" என்றார். அந்தக் கடை எப்போதோ தரைமட்டம்.

இந்த இடம் வரும்போதெல்லாம் எனக்குக் கோபம் தலைக்கு ஏறும். அட மடைச் சாம்பிராணி! யாரிடம் போய் முறை பார்த்தீர்? உண்மையான இயக்கக்காரர் எத்தனையோ பேர் சனத்தோடு சனமாய் நடந்து போய்விட்டார்கள். மண்வெட்டி பிடித்த சங்கக்கடை மனேஜர் தானாகப் போய் பஸ்சில் ஏறுகிறார். மண்வெட்டி கொடுத்தவனும் அவரைச் சாதாரண சனம் என்று பார்க்கவில்லை, பஸ்சில் ஏற்றியவனும் பார்க்கவில்லை. அப்படியென்றால் அந்த மண்ணில் யார்தான் சாதாரண சனம்?

பஸ் யன்னலால் அத்தான் கை காட்டினார் என்று அக்கா சொல்லுவா. சில நேரம், இல்லை, அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை என்றும் சொல்லுவா.

நான் கத்தியது

அந்த நாட்களில் இங்கே பரிஸிலும் சனம் தெருவில்தான். வேலை முடிந்ததும் நானும் போய் நிற்பேன். பதாகை பிடித்தேன், தொண்டை கட்டும்வரை கத்தினேன். எங்கள் சனத்தைக் காப்பாற்று என்று கத்தியது சரி. ஆனால் எனக்குப் பக்கத்தில் நின்றவர்கள் இயக்கத்தை வாழ்த்திக் கத்திய வேறு சிலதையும் சேர்த்துத்தான் கத்தினேன்.

ஒரு மாலை, கூட்டத்தின் நடுவில் கைபேசி அடித்தது. யாரோ ஒருவரின் செய்மதித் தொலைபேசியிலிருந்து அக்கா. ஒரு நிமிடம்தான் தந்தார்களாம். "தம்பி, இஞ்சை சாப்பிட ஒண்டும் இல்லையடா. போகவும் விடுகினமில்லை" என்றா. "ஆர் விடேல்லை?" என்றேன். அதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது.

விடாதவர்கள் யாரென்று எனக்குத் தெரியும். கையில் பதாகை இருந்தது. கீழே போடவா, பிடித்துக்கொண்டு நிற்கவா என்று தெரியாமல் நின்றேன். போட்டால் ஷெல் அடிப்பவனுக்குச் சரியென்று ஆகிவிடும். பிடித்தால் விடாதவனுக்குச் சரியென்று ஆகிவிடும். பக்கத்தில் நின்றவர், "என்ன தம்பி, ஊரிலையோ? எல்லாரும் சுகமோ?" என்று கேட்டார். "ஓம், சுகம்" என்றேன்.

இத்தனை வருடம் கழித்தும் அந்தக் குழப்பம் தீரவில்லை. தீர்ந்துவிட்டது என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வருகிறது. கொஞ்சம் பொறாமையும் வருகிறது.

சம்மந்தி அம்மா

கார்ட் விஷயத்துக்கு வருகிறேன்.

மாப்பிள்ளையின் தாய் தொலைபேசி எடுத்தா. கெட்ட மனுசி இல்லை. எங்களுக்கு முந்தி வந்து, சமையலறைகளில் பாத்திரம் கழுவிப் பிள்ளைகளை ஆளாக்கியவ.

"தம்பி, கோவிக்கக்கூடாது. அந்தியேட்டி, காரியம் ஏதும் செய்தவையோ?"

"இல்லை அம்மா. அக்கா விடமாட்டா."

"அது விளங்குது. ஆனா கார்ட்டைப் பாத்து சனம் கேக்கும் தானே. திரு எண்டு போட்டால் ஆள் எங்கை எண்டு கேப்பினம். நீங்களும் உங்கடை மனுசியும் தாரை வாத்தால், தகப்பன் இருக்கேக்கை மாமன் ஏன் தாரை வாக்கிறார் எண்டு கேப்பினம். அமரர் எண்டு போட்டால், உங்கடை அக்கா பொட்டோடை வந்து நிண்டால்…" என்று நிறுத்தினா. "நான் ஒண்டும் சொல்லேல்லை. உங்கடை வாயாலை ஒரு முடிவு சொன்னால் அதையே நானும் எல்லாருக்கும் சொல்லுவன்."

பிறகு அக்காவுக்கு வீடியோவில் எடுத்தேன். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் இருக்கிற தெருவோரக் கொட்டகையில் இருந்தா. வழக்கம்போல மடியில் அத்தானின் படம், நெற்றியில் பெரிய பொட்டு. மரணச் சான்றிதழ் தருகிறோம், எடு என்று எத்தனையோ தரம் அதிகாரிகள் வந்தார்கள். அவ எடுக்கவில்லை.

"அமரர் எண்டு போட்டியோ, நான் வரமாட்டன். விசா வந்தாலும் வரமாட்டன்" என்றா. "இவ்வளவு காலம் வெயிலுக்கை இருந்து கேக்கிறன், என்ரை மனுசன் எங்கை எண்டு. என்ரை பிள்ளையின்ரை கார்ட்டே பதில் சொல்லுமெண்டால் நான் ஏன் இஞ்சை இருக்கிறன்?"

எனக்குச் சரியென்றே பட்டது. திரு என்றே போடுவோம், கேட்பவர்கள் கேட்கட்டும் என்று முடிவெடுத்து, சந்தோசமாகத் தர்சியிடம் சொன்னேன்.

தர்சி சொன்னது

மருந்துக்கடையிலிருந்து வந்து சப்பாத்துக்கூடக் கழற்றவில்லை அவள். "நோ" என்றாள். கோபம் வந்தால் அவளுக்குப் பிரெஞ்சுதான் வரும். கொஞ்ச நேரம் பிரெஞ்சில் பொரிந்து தள்ளினாள். பிறகு மூச்சு வாங்கித் தமிழுக்கு வந்தாள்.

"மாமா, திரு எண்டு போட்டால் அப்பா இருக்கிறார் எண்டுதானே அர்த்தம்?"

"ஓமம்மா."

"இருந்தால் ஏன் வரேல்லை?"

நான் கதிரையை அவள் பக்கம் இழுத்து வைத்தேன். அவள் உட்காரவில்லை.

"பெரியபிள்ளையான சாமத்திய வீட்டுக்கு வரேல்லை. பள்ளிக்கூடம் முடிச்சதுக்கு வரேல்லை. இப்ப கலியாணத்துக்கும் வரேல்லை. கார்ட்டிலை பேர் இருக்கும், மேடையிலை ஆள் இருக்காது. செத்திட்டார் எண்டால் வர ஏலாது, பரவாயில்லை. உயிரோடை இருந்துகொண்டு வராத அப்பா எனக்கு வேண்டாம் மாமா." அழவில்லை. குனிந்து சப்பாத்தைக் கழற்றினாள். "அமரர் எண்டு போடுங்கோ."

தாய்க்கு அவர் சாகக்கூடாது. மகளுக்கு அவர் இருக்கக்கூடாது. இரண்டு பேருக்கும் அவர் மேல் உயிர். நடுவில் நான் மயில் கார்ட்டோடு நிற்கிறேன். யார் சொல்வது சரி என்று மனைவியிடம் கேட்டேன். "ரெண்டு பேரும் சரி, நீங்கள்தான் பிழை. இதை என்னட்டைக் கேக்கிறியள்" என்று சோற்றைப் போட்டா.

மறுநாள் அக்காவிடம், தர்சி சொன்னதைச் சொல்லுக்குச் சொல் சொன்னேன். அக்கா கத்துவா என்று கைபேசியைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்திருந்தேன். கத்தவில்லை.

"அப்பிடியே சொன்னவள்?"

"ஓம் அக்கா."

"பிள்ளை இவ்வளவு காலமும் தகப்பனோடை கோவத்திலை இருந்திருக்கிறாள்" என்றா. "எனக்குத் தெரியாமல் போச்சு."

பிறகு தானே சொன்னா, "அவள் சொன்னமாதிரிப் போடு. நான் வாறன். பொட்டோடைதான் வருவன், உங்கடை சம்மந்தியிட்டை சொல்லிவை. ஆனா எனக்கு ஒரு கார்ட் வேணும். அதிலை மட்டும் திரு எண்டு அடிச்சு அனுப்பு."

"ஏன் அக்கா? ஆருக்குக் குடுக்க?"

"அவருக்குத்தான். முறையாய்ச் சொல்லாட்டி வரமாட்டார். உனக்குத் தெரியும் தானே?"

அக்காவுக்கு மனம் பேதலித்துவிட்டதோ என்று பயந்தேன். குரலைக் கேட்டால் அப்படி இல்லை. சந்தைக்குப் போகிறேன் என்கிற மாதிரித்தான் சொன்னா.

ஒரேயொரு கார்ட்

லூயி அண்ணன் எல்லாவற்றையும் கேட்டார். "தன் பொண்ணு கல்யாணத்துக்கு அப்பனுக்கே பத்திரிகையா?" என்றார்.

"எனக்கும் விளங்கேல்லை அண்ணை. அடிச்சுத் தாங்கோ."

மேற்கொண்டு கேட்கவில்லை. அமரர் கார்ட்டுகள் அடித்து முடிந்ததும் திரும்பக் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து, அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டு மற்றதைப் போட்டார். மெசினிலிருந்து வந்த கார்ட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மை காயும்வரை கையிலேயே வைத்திருந்து, தனி உறையில் போட்டுத் தந்தார். "மேரியில இருந்தப்ப இப்படி ஒண்ணு என்னால பண்ண முடிஞ்சதில்ல" என்றார்.

நாலு மூலைக்கும் மஞ்சள் பூசி, ஊருக்குப் போன ஒருவரிடம் கொடுத்துவிட்டேன்.

நேற்றுப் பின்னேரம் அக்கா எடுத்தா. தர்சி குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் ஒலியைக் கூட்டி வைத்திருந்ததை மறந்துபோனேன்.

"சொல்லிப்போட்டன்" என்றா அக்கா.

"எங்கை போய்ச் சொன்னனீங்கள்?"

"பாலத்தடிக்குத்தான். பஸ் நிண்ட இடத்திலை இப்ப ஒரு தேத்தண்ணிக்கடை. தட்டத்திலை வெத்திலை பாக்கு வச்சு, கார்ட்டை வச்சுக்கொண்டு நிண்டன். காவலுக்கு நிண்ட ஆமிப் பெடியன் வந்து என்ன எண்டான். மகளுக்குக் கலியாணம், மனுசனுக்குச் சொல்ல வந்தனான் எண்டன். பாசை விளங்கேல்லைப் போல. வெத்திலையை நீட்டினன், ஒண்டு எடுத்தான். சின்னப் பெடியன். பஸ் போன அண்டைக்கு அவனுக்கும் தர்சியின்ரை வயசுதான் இருந்திருக்கும்." மூச்சு வாங்கினா. "அவர் ஏறின பக்கம் பாத்து, குடும்பமாய் வாங்கோ எண்டு சொல்ல வெளிக்கிட்டிட்டன். குடும்பம் நாங்கள்தானே. பிறகு, வாங்கோ எண்டு மட்டும் சொன்னன். முறையாய்ச் சொல்லியாச்சு. இனி வாறதும் வராததும் அவரின்ரை பாடு."

சரி அக்கா, சரி அக்கா என்றேன். கைபேசியை வைத்துவிட்டுத் திரும்பினால் வாசலில் தர்சி. கையில் தேத்தண்ணிக் கோப்பை. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

கோப்பையை என் முன்னால் வைத்தாள். போகாமல் நின்றாள். சின்ன வயதில் ஏதாவது வேண்டுமென்றால் நிற்பாளே, அந்த நிலை.

"மாமா, அப்பாக்கு இப்ப முறையாய்ச் சொல்லியாச்சு, என்ன?"

"ஓமம்மா. சொல்லியாச்சு."

"அப்ப வராட்டி நான் கோவிக்கலாம் தானே?"

"கோவிக்கலாம்" என்றேன். "நல்லாய்க் கோவி."

அப்போதுதான் அவள் அழத் தொடங்கினாள்.